உப்புத் தண்ணீரில் ஒரு வாடகைத் தோணி

அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த உறவுக்காரப் பையன் கேட்டான்: "பெரியப்பா, அங்கே லீவு விட்டால் மிதவைப் படகு வாடகைக்கு எடுப்போம். நம்ம தாம்பரம் பக்கம் கிடைக்குமா?" முட்டுக்காட்டைச் சொன்னேன். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுத்துறை 1984 முதல் இருக்கிறது. ஆனால் இங்கே உப்புநீரில் படகுப் பயணம் அதைவிடப் பழசு.

1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை ஒரு கால்வாய் வந்தது. பிறகு வடக்கே ஆந்திரா, தெற்கே மரக்காணம் என்று நீண்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டை வெட்டியவர்கள் தாது வருஷப் பஞ்சத்தில் பசியோடு கூலிக்கு வந்த ஜனங்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவுக்கு!

1934-இல் பாரதிதாசன் நண்பர்களோடு இந்தக் கால்வாயில்தான் தோணியேறி மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' அந்தப் பயணத்தின் பாட்டு. உல்லாசப் பயணம்தான், ஆனாலும் கயிறு கட்டித் தோணி இழுத்தவர்களின் பாடு அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. வகுப்பில் நான் இயற்கை வர்ணனையோடு நிறுத்திக்கொண்டேன். அது என் தப்பு.

அப்புறம் புயல்கள், லாரிகள். நகருக்குள் கால்வாயிலேயே பறக்கும் ரயிலின் தூண்கள். நம்ம செம்பாக்கம் ஏரியின் உபரிநீர் மட்டும் பள்ளிக்கரணை, ஒக்கியம் மடுவு வழியாக இன்னும் அதே கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடல் சேர்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிப்போகிறேன். படகு ஏறுமுன் அந்தக் கரையில் கொஞ்ச தூரம் நடக்க வைக்க வேண்டும்.