உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு, முகப் பிளவுகள்

கருவின் முகம் தனித்தனி முகைகளாகத் தோன்றி, நடுக்கோட்டை நோக்கி வளர்ந்து ஒன்றோடொன்று இணைவதால் உருவாவது. அவ்விணைப்பு மேலுதட்டில் ஏறக்குறைய 7ஆம் வாரத்திற்குள்ளும், அண்ணத்தில் 12ஆம் வாரத்திற்குள்ளும் பூர்த்தியாகாது நின்றுவிடின் உண்டாகும் பிறவிக்குறையே பிளவு எனப்படும். உலகில் சுமார் 700 பிறப்புகளுக்கு ஒன்று என இது காணப்படுகிறது.

ஒருபுற உதட்டுப் பிளவு பெரும்பாலும் இடப்பக்கத்தில் அமையும். உதட்டுப் பிளவு ஆண் மகவுகளிடத்தும், அண்ணம் மட்டும் பிளத்தல் பெண் மகவுகளிடத்தும் மிகுதி. மேலே சளிச்சவ்வு மூடியிருக்க, உள்ளே தசை மட்டும் பிரிந்துள்ள மறைபிளவோ, குழந்தை மூக்கால் பேசத் தொடங்கும்வரை பெற்றோர் கண்ணுக்குத் தப்பிவிடுவதும் உண்டு. கண், கன்னம், நெற்றி வரை ஓடும் அரிய முகப் பிளவுகளுக்குப் பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் பால் டெசியே 1976இல் 0 முதல் 14 வரை எண்ணிட்டு முறைவகுத்தார்.

கிரகண வேளையில் கர்ப்பிணி வெளியே வந்தமையே காரணமென்று நம் கிராமங்களில் இன்றும் சொல்வர். தாயின்மீது வீண்பழி சுமத்தும் இக்கூற்றுக்கு ஆதாரம் ஏதுமில்லை. பரம்பரை அணுக்கூறுகளும், புகைத்தல், மது, வலிப்புநோய்க்கான சில மருந்துகள், தாயின் நீரிழிவு முதலிய சூழ்நிலைகளும் கூடியே இதனை விளைவிக்கின்றன. ஒரே ஹேதுவைச் சுட்டுதல் பெரும்பாலும் இயலாது.

உதட்டைச் சுமார் 3 மாதத்திலும், அண்ணத்தை 9 முதல் 18 மாதத்திற்குள்ளும் தைப்பது வழக்கம். தையலோடு சிகிச்சை முடிவதில்லை. செவியையும் பல்வரிசையையும் கவனித்து, உச்சரிப்பையும் பயிற்ற வேண்டும். 2005இல் தோன்றிய, முட்டுக்காட்டிலுள்ள பல்வகை ஊனமுற்றோர் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனத்தின் பணிகளுள் பேச்சு, செவிப் பயிற்சிகளும் அடங்கும்.