சொந்தத் திறப்போடு ஒரு முதுமை: ஓய்வுபெற்ற கடலோடிகளுக்கான குடியிருப்புகள்

எனது பெரியப்பா மயிலிட்டியில் பிறந்தவர். இருபது வருடங்களுக்கு மேல் வெளிநாட்டு வணிகக் கப்பல்களின் இயந்திர அறையில் வேலை செய்தவர். 1990இல் ஊரே இடம்பெயர்ந்தபோது அவர் எடுத்துக்கொண்டு வந்தவை இரண்டுதான்: கப்பல் வேலைப் பதிவுப் புத்தகமும் வீட்டுத் திறப்பும். அதன்பிறகு நலன்புரி நிலையமொன்றில், தறப்பாளால் மறைத்த ஓர் ஒடுங்கிய அறையில் இருந்தார். வீடு தரைமட்டமாகிவிட்டது என்று கேள்விப்பட்ட பிறகும் அந்தத் திறப்பை அரைஞாண் கயிற்றிலிருந்து கழற்றவில்லை. மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை.

எனது மச்சாள் இங்கிலாந்தில் வயோதிபர் பராமரிப்பு வேலை செய்கிறாள். அவள் வேலை செய்யும் குடியிருப்பில் இருப்பவர்கள் எல்லோரும் ஓய்வுபெற்ற மாலுமிகள், அல்லது அவர்களின் மனைவிமார், விதவைகள். அங்கு போய்ப் பார்த்தபோது எனக்குப் பெரியப்பாவின் திறப்புத்தான் ஞாபகம் வந்தது. அந்த ஏற்பாடு பற்றி எங்கள் ஆட்களும் அறிந்திருப்பது நல்லது என்பதால் இதை எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது?

இது முதியோர் இல்லம் அல்ல. ஒவ்வொருவருக்கும் தனி வீடு, அல்லது மாடிக் கட்டடத்தில் தனிப் பகுதி. சொந்த வாசற்கதவு, சொந்தக் குசினி, சொந்தக் குளியலறை. விரும்பிய நேரத்துக்கு எழும்பலாம், விரும்பியதைச் சமைக்கலாம், பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூப்பிடலாம். திறப்பு அவர்களின் கையில் இருக்கிறது.

உதவி என்பது தேவைப்படும்போது வருவது. குளியலறையிலும் படுக்கையறையிலும் ஒரு சிவப்புக் கயிறு நிலம்வரை தொங்கும். விழுந்து கிடப்பவரும் அதை எட்டி இழுக்கலாம். இழுத்தால் இரவு பகல் எந்நேரமும் ஒருவர் பதில் சொல்வார். சிலர் கழுத்தில் ஒரு பொத்தானை மாட்டியிருப்பார்கள். குடியிருப்புக்கு ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவர் ஒவ்வொருவரின் சுகநலத்தையும் விசாரிப்பார். ஓய்வூதியம், வீட்டு வாடகை உதவி போன்ற அரச கொடுப்பனவுகளுக்கு விண்ணப்பிக்கவும் உதவுவார். எல்லோரும் கூடியிருக்கும் பொது அறையும் உண்டு. சில இடங்களில் அதே வளவுக்குள் முழுநேரப் பராமரிப்பு இல்லமும் இருக்கிறது. கணவர் நடமாட முடியாமல் அங்கே மாறினாலும், மனைவி தன் வீட்டிலிருந்து நடந்தே போய் அவரைப் பார்த்து வரலாம்.

இது எப்படி வந்தது?

இந்த வடிவத்துக்கு வர அவர்களுக்கு நூற்றாண்டுகள் எடுத்தன. பிரித்தானியக் கடற்படையின் முதிய, காயமடைந்த மாலுமிகளுக்காக 1694இல் கிரீனிச் மருத்துவமனை நிறுவப்பட்டது. அரண்மனை போன்ற கட்டடம். 1814இல் அங்கே 2,700க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். ஆனால் சீருடை, மணியடித்தால் சாப்பாடு, மீறினால் தண்டனை என்று வாழ்க்கை நடந்தது. மனைவி பிள்ளைகளோடு அங்கே வாழ முடியாது. 1865இல், வெளியே போய் வாழ விரும்புவோருக்கு ஓய்வூதியப் பணம் தரப்படும் என்று தெரிவு கொடுக்கப்பட்டது. பெரும்பாலானோர் வெளியேறினர். 1869இல் அந்த இல்லமே மூடப்பட்டது. அரண்மனையை விட்டுச் சிறு வீட்டைத் தெரிவுசெய்த அந்த முதியவர்களை, முகாமில் இருந்த எவருக்கும் விளங்கும்.

வணிகக் கப்பல் மாலுமிகளுக்குக் கிரீனிச் கிடைக்கவில்லை, அது கடற்படையினருக்கானது. அவர்களுக்காக உருவானவை வேறு. லண்டனின் மைல் எண்ட் பகுதியில் 1695இல் டிரினிட்டி ஹவுஸ் என்ற கடலோடிகள் அமைப்பு 28 சிறு வீடுகளைக் கட்டியது. முதிய கப்பல் தலைவர்களுக்கு மட்டுமன்றி அவர்களின் விதவைகளுக்கும் உரியவை என்று வாசற்கல்லிலேயே பொறித்தார்கள். ரோயல் அல்பிரட் சங்கம் 1865இல் தொடங்கியது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையான வொலசியில், மேர்சி நதியைப் பார்த்தபடி 1882இல் முதிய மாலுமிகளுக்கான இல்லம் திறக்கப்பட்டது. பழைய பெருங்கட்டடம் இன்று இல்லை. அந்த வளவில் தனித்தனி வீடுகளும் ஒரு பராமரிப்பு இல்லமும் இருக்கின்றன. மாலுமிகள் தொழிற்சங்கமொன்றின் நலநிதியம் அவற்றை நடத்துகிறது.

அமெரிக்காவிலும் இதே பாதைதான். 1801இல் இறந்த கப்டன் ரொபர்ட் ரண்டல் தன் நியூயோர்க் காணியை முதிய மாலுமிகளுக்கென எழுதிவைத்தார். அந்தக் காணியின் வாடகையில் 1833இல் ஸ்டேட்டன் தீவில் பெரிய இல்லம் திறந்தது. அது 1976இல் வட கரோலினாவுக்கு மாறியது. இப்போது அந்த நிதியம், மாலுமிகள் தங்கள் சொந்த வீட்டிலேயே இருப்பதற்கு உதவுகிறது.

கடலோடிகளுக்கு ஏன் தனியாக?

கடலோடியின் வேலை பயணத்துக்குப் பயணம் ஒப்பந்தம். கரையில் வாடகை கட்டிய வரலாறோ, அயலவர் பழக்கமோ சேராது. ஓய்வூதியக் கணக்கில் இடைவெளிகள் விழும். இயந்திர அறையின் இரைச்சல் காதைக் கெடுக்கும். பழைய கப்பல்களின் குழாய்களைச் சுற்றியிருந்த அஸ்பெஸ்டஸ் தூசு, 20 முதல் 50 வருடங்கள் கழித்து நுரையீரல் உறையில் புற்றுநோயாக வெளிவரும். அப்போது எந்தக் கப்பல் கம்பனியைக் கேட்பது?

போரும் அவர்களை விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் 30,000க்கும் மேற்பட்ட பிரித்தானிய வணிகக் கப்பல் மாலுமிகள் இறந்தார்கள். 1941வரை, கப்பல் மூழ்கினால் மாலுமியின் சம்பளமும் நின்றுவிடுவது வழக்கமாக இருந்தது. உயிர்காப்புப் படகில் மிதந்த நாட்களுக்குக் கணக்கில்லை. போரைச் சுமந்தும் போர்வீரராகக் கணக்கில் வராதவர்களை எங்களுக்கும் தெரியும்.

ஒன்றை மறைக்கக்கூடாது. அதே கப்பல்களில் அடுப்பெரித்த ஆசிய மாலுமிகளை அவர்கள் 'லஸ்கர்' என்று அழைத்தார்கள். அவர்களுக்கென 1857இல் லண்டன் லைம்ஹவுசில் ஒரு விடுதி திறக்கப்பட்டது. ஊர் திரும்பக் கப்பல் கிடைக்கும்வரை தங்குவதற்கான இடம் அது. அவர்கள் முதுமையை ஊரில் கழிக்கவேண்டும் என்பதே கணக்கு. ஊரில் அவர்களுக்கு என்ன இருந்தது என்று எவரும் கேட்கவில்லை.

எங்களுக்கு இதில் என்ன?

இலங்கை 2017இல் கடல்சார் தொழிலாளர் சமவாயத்தை ஏற்றுக்கொண்டது. முதுமைக் கொடுப்பனவு உட்பட ஒன்பது வகைச் சமூகப் பாதுகாப்பை அது சொல்கிறது. ஏற்கும்போது குறைந்தது மூன்றை ஒரு நாடு தெரிவுசெய்தால் போதும். முதிய கடலோடி எங்கே, எப்படி இருப்பார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. கப்பலுக்குப் போனவர்களும் மீன்பிடித்தவர்களும் வடக்கு கிழக்குக் கரையெங்கும் முதுமையடைகிறார்கள். பலரின் பிள்ளைகள் வெளிநாட்டில். சிலரின் பிள்ளைகள் போரில் போய்விட்டார்கள்.

புலம்பெயர்ந்த ஊர்ச்சங்கங்கள் முதியோர் இல்லம் கட்டப் பணம் அனுப்புகின்றன. நல்ல காரியம். கட்டும் முன் சில கேள்விகளைக் கேட்கலாம். பெரிய மண்டபத்தில் இருபது கட்டில் போடுவதா, அதே வளவில் பத்துச் சிறு வீடுகளா? இரவில் விழுந்தவர் யாரைக் கூப்பிடுவார்? கணவர் செத்தபின் மனைவி தொடர்ந்து இருக்கலாமா? அதை எழுத்தில் கொடுப்பார்களா? அந்த இடத்திலிருந்து கடல் தெரியுமா?

பெரியப்பாவின் அந்தத் திறப்பு இப்போது எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. அது திறக்கும் கதவு இல்லை. ஆனால் இன்று எண்பது வயதில் இருப்பவர்களுக்கு ஒரு கதவும் அதன் திறப்பும் கொடுக்க இன்னும் காலம் இருக்கிறது.