ஆர்ட்ஸ் பிள்ளையும் டொக்டர் கனவும்: எங்கள் மலையகத்தின் பழைய கதை

 

ஓ/எல் பெறுபேறு வந்ததும் பெற்றோர் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், மகளுக்கு டொக்டர் ஆகணுமாம். ஆர்ட்ஸ் செஞ்சா ஏலாதா?" ஏலாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்தப் பிள்ளை ஏன் ஆர்ட்ஸுக்குப் போகிறாள் என்று நாங்கள் பேசுவதில்லை. எங்கள் பிள்ளைகளில் பலர் கலைப்பிரிவைத் தெரிவு செய்து போகவில்லை. பக்கத்துப் பாடசாலையில் அதுதான் இருக்கிறது. இதற்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு உண்டு.

1907ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்திலுள்ள 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் கற்பிக்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் கொடுத்தது. நடந்தது என்ன? ஒரு மண்டபம், பல இடங்களில் ஒரே ஆசிரியர், எழுத்தும் கணக்கும். பத்து வயதானால் கொழுந்து மலை கூப்பிடும். 1945இல் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி நாட்டுக்கே வாசல் திறந்தது. தோட்டப் பாடசாலை அந்த வாசலுக்கு வெளியே நின்றது. 1948 குடியுரிமைச் சட்டம் பெற்றோரை நாடற்றவர் ஆக்கியது. 1960களின் தொடக்கத்தில் அரசு உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1970களின் பிற்பகுதியிலிருந்துதான் அவை கட்டம் கட்டமாக அரசின் கைக்கு வந்தன. அதுவரை பெரும்பாலானவை ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும்.

இதே காலத்தில் மருத்துவபீட அனுமதி விதிகளும் மாறின. 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. இன்றைய கணக்கில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள். பின்தங்கிய பட்டியலில் எங்கள் நுவரெலியாவும் இருக்கிறது. கடதாசியில் பார்த்தால் பெரிய பாக்கியம். ஆனால் அந்தச் சலுகையைப் பிடிக்க உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றையும் எழுதிச் சித்தியடைந்திருக்க வேண்டும். வகுப்பே இல்லாத பிள்ளைக்குக் கோட்டா எதற்கு?

இதில் ஒரு வட்டம் இருக்கிறது. உயர்தர விஞ்ஞானம் படிப்பிக்க விஞ்ஞானப் பட்டதாரி வேண்டும். பட்டதாரி உருவாக உயர்தர விஞ்ஞான வகுப்பு வேண்டும். வகுப்பு நடக்கப் படிப்பிக்கிறவர் வேண்டும். இந்த வட்டம் எங்காவது ஓரிடத்தில் உடையாமல் அடுத்த தலைமுறைக்கும் இதே பதில்தான்.

உடைத்தவர்கள் இருக்கிறார்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அடுத்த ஆண்டே மாணவர்களைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். அவர்கள் மிஷன் பாடசாலைகளில் பொதுக்கல்வி பெற்ற இளைஞர்கள். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தார், பிறகு தமிழிலேயே படிப்பித்தார். உடற்கூறும் இரசாயனமும் தமிழ்ப் புத்தகங்களாயின. "கெமிஸ்தம்" என்ற நூல் 1875இல் வெளிவந்தது. அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் உருவானார்கள். விஞ்ஞானம் தெரிந்தால் வா என்று அவர் சொல்லவில்லை. வா, அடிப்படையிலிருந்து சொல்லித் தருகிறேன் என்றார்.

நியூயோர்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியும் 1987 முதல் இலக்கியம், வரலாறு போன்ற பாடங்கள் படித்த மாணவர் சிலரை எடுத்தது. கோடை விடுமுறையில் அவர்களுக்குத் தேவையான இரசாயனமும் பௌதிகமும் சுருக்கமாகக் கற்பித்தது. மற்ற மாணவருக்குச் சமமாகவே அவர்களும் மருத்துவம் படித்து முடித்தார்கள் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. எங்கள் நாட்டு விதி வேறு. இங்கே உயிரியல் பிரிவு இல்லாமல் மருத்துவபீடம் இல்லை. ஆனால் பாடம் ஒன்றுதான்: ஆர்ட்ஸ் மூளை, சயன்ஸ் மூளை என்று இரண்டு மூளை கிடையாது. சரியான நேரத்தில் அடிப்படை கிடைத்ததா இல்லையா என்பதே கேள்வி.

எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சரியான நேரம் ஓ/எல் முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்கள். கடையில் நிற்பதிலும் மரக்கறித் தோட்டத்திலும் போனிலும் கரைகிற மாதங்கள். அந்த இடைவெளியில் ஓர் அறிமுக விஞ்ஞான வகுப்பு தொடங்க ஆசிரியர்கள் சிலர் நினைத்திருக்கிறோம். கலமும் மூலும் விசையும் என்னவென்று தொட்டுப் பார்க்கிற வகுப்பு. ஆர்ட்ஸில் இருக்கிற, மாற நினைக்கிற பிள்ளையும் வரலாம். உயர்தரத்தை மூன்று தடவை எழுதலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

உண்மையையும் சொல்லிவிடுகிறோம். இந்த வகுப்பு யாருக்கும் இசட் புள்ளி வாங்கித் தராது. போட்டி கடுமையானது. பௌதிகம் பார்த்துப் பயந்து திரும்பி ஆர்ட்ஸுக்கே போகும் பிள்ளையும் இருப்பாள். அதில் குறையில்லை. அப்போது அவள் தெரிந்து எடுத்த முடிவோடு போவாள். ஆர்ட்ஸ் குறைந்த பாடமுமில்லை, இந்தப் பதிவை எழுத வைத்ததும் வரலாறுதான்.

கோட்லோஜ், பார்க் பக்கத்து லயத்துப் பிள்ளையும் டவுன் கடைக்காரர் பிள்ளையும் ஒரே பெஞ்சில் இருக்கட்டும். ஊரில் பிறந்து விஞ்ஞானம் படித்து வெளியே போன தம்பி தங்கைகளிடம் பணம் கேட்கவில்லை. லீவில் வரும்போது இரண்டு மணித்தியாலம் தாருங்கள். பெற்றோர்களே, பெறுபேறு வந்தபின் வராதீர்கள், இப்போதே வாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அந்தக் கேள்விக்கு அடுத்த முறை வேறு பதில் சொல்வோம்.