ஆக்ராக் கோட்டையின் தரகர்

இடைத்தரகர் என்றதும் முகஞ்சுளிப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. விளைவிப்போருக்கும் வாங்குவோருக்கும் நடுவே உழையாது உண்பவர் என்பது அச்சொல்லின்மீது ஏறிய பழி. ‘சிம்ஸார்’ என அறபியில் வழங்கும் இவருக்குரிய கூலி எப்போது ஆகும், எப்போது ஆகாது என நம் ஃபிக்ஹு நூல்கள் ஆராய்கின்றன. அரசாங்கத்துக்குப் பண்டம் வழங்கிய ஒருவரது வரலாற்றைக் கொண்டு அக்கேள்வியை ஈண்டு நோக்குவோம்.

அவர் ஆக்ரா நகரத்து லாலா ஜோதி பிரசாத். 1839 முதல் 1842 வரை நடந்த ஆப்கானியப் போரிலும், 1843ஆம் ஆண்டுக் குவாலியர்ப் போரிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளுக்கு உணவுப் பண்டங்கள் வழங்கியவர். காபூலை நோக்கிப் புறப்பட்ட வங்காளப் படையுடன் சென்ற ஒட்டகங்கள் மட்டுமே சுமார் 30,000 என்பர். மாவும் நெய்யும் கொள்ளும் இத்திரளுக்கு எங்கிருந்து வரும்? கம்பெனி அதிகாரிக்குச் சிற்றூர்த் தானிய வியாபாரியைத் தெரியாது. தெரிந்தாலும் அவ்வியாபாரி, தணிக்கை முடிந்து என்றோ வரும் அரசாங்கப் பணத்துக்காகக் காத்திருக்க மாட்டார். அந்த இடைவெளியில்தான் தரகருக்கு வேலை. தம் சொல்லை நம்பிக் கடன் கொடுப்போரிடம் பணம் புரட்டி, முன்பணம் தந்து, பண்டம் வாங்கி, வழியில் நேரும் நட்டத்தையும் தம் தலைமேல் ஏற்பவர் அவர். அவர் பெற்ற இலாபம் பண்டத்தைக் கைமாற்றியதற்கன்று, காத்திருந்ததற்கும் துணிந்ததற்குமே என்பது நம் கருத்து.

ஆனால், கடன்பட்டவரே ஆட்சியாளராகவும் இருந்துவிட்டால்?

பழைய பாக்கி தீராதிருந்தமையால், 1848இல் பஞ்சாபில் போர் மூண்டபோது மீண்டும் பொறுப்பேற்க அவர் மறுத்தார். பாக்கி தீர்க்கப்படும், பட்டமும் வழங்கப்படும் என்ற வாக்குறுதிகளை நம்பியே பின்னர் இசைந்தார். 1849இல் போர் முடிந்தது. பஞ்சாப் கம்பெனியின் கைக்கு வந்தது. பல இலட்சம் ரூபாய் கேட்டு நின்றவருக்குக் கிடைத்ததோ மோசடி வழக்கு! கல்கத்தாவுக்குச் சென்ற அவரைப் பிடித்து ஆக்ராவுக்குக் கொணர்ந்தனர். 1851இல் விசாரணை நடந்தது. அவருக்காக வாதாடியவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த வழக்கறிஞரும் பத்திரிகையாளருமான ஜான் லாங். பின்னர் ஜான்சி ராணி லட்சுமிபாயும் தம் முறையீட்டுக்கு இவரையே அழைத்தார் என்பது நினைக்கத்தக்கது. ஜோதி பிரசாத் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. இவ்வழக்கைப் பற்றி லாங் பின்னர் விரிவாக எழுதியும் வைத்தார்.

தரகர் ஒருவர் நூறு கடைக்காரருக்குப் பொருள் தருவாராயின், ஒருவர் ஏமாற்றினாலும் மற்றையோரைக் கொண்டு பிழைப்பார். வாங்குபவர் ஒருவரே, அவரும் அரசரே என்னும்போது, கணக்கேட்டில் எழுதிய தொகை அவரது தயவைப் பொறுத்ததாகிவிடுகிறது.

ஆறாண்டுகள் கழிந்தன. 1857 ஜூலையில் ஆக்ராவுக்கு அருகே நடந்த சண்டையில் பின்வாங்கிய ஆங்கிலேயர், குடும்பங்களோடு கோட்டைக்குள் புகுந்து கதவடைத்தனர். உள்ளே ஏறத்தாழ 6,000 பேர். வெளியே கொந்தளிக்கும் நாடு. முன்பு வழக்குத் தொடுத்த அதே அரசாங்கத்தின் அதிகாரிகள் அப்போது உணவுக்கு நாடியது ஜோதி பிரசாத்தையே. அவரும் கோட்டைக்குத் தானியம் அனுப்பினார்.