சுண்ணாம்பு இல்லாத கோட்டை

பினாங்கில் கோட்டை என்றால் எஸ்பிளனேட் கடற்கரையோரம் நிற்கும் கார்ன்வாலிஸ் கோட்டைதான். 1786ல் பிரான்சிஸ் லைட் கரையிறங்கியபோது நிபோங் பனைகளை வெட்டி நட்டு, அவசரத்துக்கு ஒரு வேலிக் கோட்டையை எழுப்பினார். பின்னர் 1804ல் செங்கல் வேலை தொடங்கியது. இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவரப்பட்ட கைதிகள்தான் அதற்குக் கல் சுமந்தார்கள், சுவர் எழுப்பினார்கள். போர் எதையும் காணாத அந்தக் கோட்டையின் செங்கற்களை இருநூறு ஆண்டுகளாகச் சேர்த்துப் பிடித்திருப்பது சுண்ணாம்புச் சாந்து.

அந்தக் கோட்டை நிற்கும் ஜார்ஜ்டவுனில் பள்ளி விடுமுறை வந்தால் வீட்டுத் தரைகளிலும் கோட்டைகள் எழும்புகின்றன. அப்பா நிறம் பார்த்துப் பொம்மைக் கட்டைகளைப் பிரிப்பார். அக்கா வழிகாட்டிப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டுவாள். வீரர்களுக்குத் தலைக்கவசம் மாட்டுவது தம்பியின் வேலை. கட்டி முடித்த கொத்தளத்தை ஒரு கையால் தூக்கித் தலைகீழாகப் பிடித்தாலும் அதிலிருந்து ஒரு கட்டை விழாது. ஆனால் தம்பி விரல் நகத்தால் நெம்பினால் பட்டென்று கழன்று வரும். சாந்து இல்லை, ஆணி இல்லை, பசையும் இல்லை. இறுகப் பிடித்திருக்கவும் வேண்டும், கேட்டவுடன் விட்டுவிடவும் வேண்டும் என்ற இந்த இரண்டு குணங்களும் ஒரே கட்டையில் சேர்வதற்குள் ஒரு குடும்பம் இரண்டு முறை தீயில் எல்லாவற்றையும் இழந்தது. முதல் தீயை மூட்டியவர்கள் அந்த வீட்டுப் பிள்ளைகளே.

டென்மார்க்கில் பில்லுண்ட் அப்போது ஒரு சிற்றூர். 1916ல் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சென் என்ற இளம் தச்சர் அங்கே ஒரு மரப் பட்டறையை விலைக்கு வாங்கினார். சுற்றுவட்டார விவசாயிகளுக்கு வீடு கட்டித் தருவதும் கதவு, ஜன்னல், மேசை செய்து கொடுப்பதும்தான் பிழைப்பு. 1924ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவருடைய மகன்கள் கார்ல் கியோர்க்கும் கோட்ஃப்ரெட்டும், பள்ளிக்கே போகாத வயது, பட்டறைக்குள் நுழைந்தார்கள். மரத்துண்டுகளை ஒட்டி ஏதோ செய்ய ஆசை. ஒட்டுவதற்குப் பசையைச் சூடாக்க வேண்டும். அடுப்பை மூட்டினார்கள். தீ தரையில் கிடந்த மரச் சீவல்களுக்குத் தாவியது. பட்டறையும் அதை ஒட்டிய வீடும் சாம்பலாயின. இந்த இரண்டு சிறுவர்களும் பின்னாளில் இந்தக் கதைக்கு எவ்வளவு வேண்டியவர்களாகப் போகிறார்கள் என்பதை அன்று அந்தத் தகப்பன் அறிந்திருக்க வழியில்லை.

ஓலே கிர்க் கடன் வாங்கி முன்னைவிடப் பெரிதாகவே கட்டினார். அதற்குள் 1929ன் பொருளாதாரச் சரிவு உலகத்தைச் சுற்றிக்கொண்டு பில்லுண்டுக்கும் வந்து சேர்ந்தது. விளைபொருளுக்கு விலையில்லாத விவசாயி வீடா கட்டுவான்? வேலையாட்களை நிறுத்த வேண்டியதாயிற்று. 1932ல் மனைவி கிறிஸ்டீன் இறந்துபோனார். நான்கு ஆண் பிள்ளைகளோடும் கையில் மிச்சமிருந்த மரத்தோடும் தனித்து நின்ற அந்த மனிதர் ஏணி, துணி தேய்க்கும் பலகை போன்ற சிறு சாமான்களைச் செய்யத் தொடங்கினார். கூடவே மர வண்டி, மர விலங்கு என்று பிள்ளைகளுக்கான பொம்மைகள். உருப்படியான வேலை ஏதும் பார்க்கக் கூடாதா என்று உறவினரே கேட்டார்கள். பொம்மைக்குக் காசு கொடுக்க முடியாத கடைக்காரர்கள் உணவுப் பொருளைக் கொடுத்தார்கள். அந்த நேரத்தில் ஒரு மோகம் கைகொடுத்தது.

நூலில் ஏறி இறங்கும் யோ-யோ வட்டுக்கு ஐரோப்பாவே பைத்தியமாகிக் கிடந்த காலம் அது. பட்டறையில் இரவு பகலாக யோ-யோ கடைந்தார்கள். மோகம் வந்த வேகத்தில் போயும் விட்டது. விற்காத வட்டுகள் குவிந்து கிடந்தன. ஓலே கிர்க் அவற்றை வீசவில்லை, பொம்மை லாரிகளுக்குச் சக்கரமாக மாட்டினார். லாரி விற்றது. வீணாய்ப் போனதிலிருந்து வேலைக்கு ஆகும் ஒன்றைக் கண்டெடுக்கும் இந்தப் பழக்கம் பின்னாளில் பெரிய அளவில் தேவைப்பட்டது. 1934ல் பட்டறைக்கு, ரோமன் எழுத்தில் நான்கெழுத்து வரும் ஒரு புதுப் பெயர் வைத்தார். ஊருக்கு வெளியே யாருக்கும் தெரியாத பெயர்.

அந்நாளில் நடந்த ஒரு சம்பவத்தைக் கோட்ஃப்ரெட்டே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மர வாத்துகளுக்கு வழக்கமாக மூன்று முறை வார்னிஷ் பூசுவார்கள். அவர் இரண்டு பூச்சோடு நிறுத்தி, பெட்டிகளை ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, அப்பாவுக்குக் காசு மிச்சம் பிடித்துக் கொடுத்துவிட்டதாகப் பெருமையோடு வந்து சொன்னார். அப்பா திட்டவில்லை. பெட்டிகளைத் திரும்பக் கொண்டுவந்து, மூன்றாம் பூச்சைப் பூசி, மறுபடி கட்டி அனுப்பச் சொன்னார். யார் துணையும் இல்லாமல், அன்று இரவே. என்னைக் கேட்டால், இந்தக் கதையின் அச்சாணி அந்த இரவுதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சுக்காக அப்படி உழைத்த பையன்தான், கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளிக்காகப் பின்னர் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டினான். அதற்கு முன் இரண்டாவது தீ.

1942 மார்ச்சில், டென்மார்க் ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, தொழிற்சாலை முழுவதும் எரிந்தது. பொம்மை வரைபடங்களும் மாதிரிகளும் அதோடு போயின. ஓலே கிர்க் மனம் தளர்ந்து எல்லாவற்றையும் விட்டுவிட நினைத்தார். ஆனால் அவரை நம்பியிருந்த தொழிலாளர்கள் அதே ஊரில் இருந்தார்கள். மறுபடி கட்டினார். போர் முடிந்ததும், மரத்தையே வாழ்நாள் முழுதும் இழைத்த அந்தத் தச்சர் வீட்டார் யாரும் எதிர்பாராத காரியம் ஒன்றைச் செய்தார். 1946ல், 30,000 குரோனர் விலையில், இங்கிலாந்தில் செய்த பிளாஸ்டிக் இயந்திரம் ஒன்றுக்குப் பணம் கட்டினார்.

பாயான் லெப்பாஸிலும் பிறையிலும் தொழிற்சாலை வேலை பார்த்தவர்களுக்கு இந்த இயந்திரத்தை விளக்க வேண்டியதில்லை. மணிமணியான பிளாஸ்டிக்கை உருக்கி, முறுக்கு அச்சில் மாவை அழுத்துவதுபோல அழுத்தி இரும்பு அச்சுக்குள் செலுத்தும். உள்ளே அது குளிர்ந்து இறுகும். அச்சு திறந்தால் பொருள் வெளியே வந்து விழும். டென்மார்க்கில் பொம்மை செய்கிற ஒருவர் இப்படி ஓர் இயந்திரத்தை வாங்கியது அதுவே முதல் முறை. பிள்ளைகளுக்கு இதில் சம்மதமில்லை. கடன் கழுத்தை நெரிக்கிறது, மரம்தான் சோறு போடுகிறது, பிளாஸ்டிக் எதற்கு? அதற்கான விடை அந்தச் சமயத்தில் ஓலே கிர்க்கின் கைக்கு வந்த ஒரு மாதிரிப் பொருளில் இருந்தது. பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு சிறு செங்கல், தலையில் குமிழ்களோடு.

அதைப் படைத்தவர் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர். கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் பொம்மை நிறுவனம் நடத்தியவர். குழந்தைகள் விளையாடுவதைப் பக்கத்தில் இருந்து கவனித்து அதற்கேற்பப் பொம்மை செய்தவர். ஒன்றன்மேல் ஒன்று பூட்டிக்கொள்ளும் கட்டைக்குக் காப்புரிமையும் பெற்றிருந்தார். பில்லுண்டில் அந்தக் கட்டையை எடுத்து, அளவுகளைச் சற்றே மாற்றி, குமிழின் தலையைத் தட்டையாக்கி, 1949ல் விற்பனைக்கு விட்டார்கள். மூலக் கருத்து பேஜுடையது. இதை யார் சொன்னாலும் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். கிட்டிகிராஃப்டின் உரிமைகளை டென்மார்க்காரர்கள் 1981ல் விலைகொடுத்து வாங்கினார்கள். பேஜ் அதற்கு வெகு முன்பே, 1957ல், இறந்துவிட்டார். அவருடைய நாட்டுக் கடைகளுக்கு டென்மார்க் கட்டைகள் வந்தது 1960ல்தான்.

ஆனால் 1949ன் கட்டை விற்கவில்லை. கடைகளிலிருந்து பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. காரணத்தை அந்தக் கட்டையைத் திருப்பிப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். அடிப்பக்கம் முழுக்க வெறும் குடைவு. கீழ்க் கட்டையின் குமிழ்கள் மேல் கட்டையின் ஓரச் சுவர்களை மட்டும் உரசிக்கொண்டு நின்றன. பிள்ளைகள் சுவர் எழுப்பினார்கள், நகர்த்தினால் சரிந்தது. கோட்டை கட்டவே முடியாத செங்கல். அதைக் கைவிடாமல் காத்தது ஒரு கப்பல் பயணத்தில் நடந்த பேச்சு.

1954ல் கோட்ஃப்ரெட் இங்கிலாந்துப் பயணத்தில் கப்பலில் இருந்தார். கோபன்ஹேகனின் பெரிய பேரங்காடி ஒன்றில் பொம்மைக் கொள்முதல் பார்த்தவரும் அதே கப்பலில் வந்தார். பொம்மைத் தொழிலில் ஓர் ஒழுங்கே இல்லை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் தொடர்பே இல்லை என்று அவர் குறைபட்டுக்கொண்டார். அந்தப் பேச்சு கோட்ஃப்ரெட்டைத் தூங்கவிடவில்லை. ஊர் திரும்பித் தங்கள் பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து எடைபோட்டார். இன்று வாங்கியதோடு நாளை வாங்குவதும் சேர வேண்டும், சேரச் சேர விளையாட்டு வளர வேண்டும். அதற்குத் தகுதியானதாகத் தோன்றியது ஒன்றே ஒன்று. திரும்பி வந்த அந்தக் கட்டை.

1955ல் சாலை, வீடு, மரம், கார் என்று ஒரு நகரத்தையே கட்டும் தொகுப்பாக அது மறுபடி கடைக்குப் போனது. இம்முறை விற்றது. ஆனால் விற்க விற்கப் புகாரும் பெருகியது. 1958 ஜனவரியில் ஜெர்மனி விற்பனையைப் பார்த்தவர் பில்லுண்டுக்கு வந்து, கட்டியது நிற்கவில்லை என்று வாடிக்கையாளர் சொல்வதை முகத்துக்கு நேரே சொன்னார். கோட்ஃப்ரெட் காகிதத்தை எடுத்து, குடைவான அடிப்பகுதிக்குள் சில குழாய்களை வரைந்தார். முதலில் இரண்டு குழாய், பிறகு மூன்று.

எட்டுக் குமிழ் கட்டை ஒன்றைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் வரிசையாக நிற்பவை அந்த மூன்று குழாய்கள்தான். கீழிருந்து ஏறும் மூலைக் குமிழ் இரண்டு பக்கச் சுவர்களையும் ஒரு குழாயின் விளிம்பையும் தொடுகிறது. மூன்று புள்ளிகள். எந்தப் பக்கமும் நழுவ வழியில்லை. பிளாஸ்டிக் மயிரிழை அளவு விரிந்து, திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்தச் சுருக்கம்தான் பிடி, அதுவே சாந்து. சில நாள்களிலேயே மாதிரி தயாரானது. 1958 ஜனவரி 28 பிற்பகல் 1.58 மணிக்குக் கோபன்ஹேகனில் காப்புரிமை விண்ணப்பம் பதிவானது. அந்த மகிழ்ச்சி ஆறு வாரம்தான் நீடித்தது.

மார்ச் 11 அன்று ஓலே கிர்க் காலமானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1960 பிப்ரவரியில், மூன்றாவது தீ. இம்முறை எரிந்தது மரப் பொம்மைக் கிடங்கு. இனி மரம் வேண்டாம், கட்டை ஒன்றே போதும் என்றார் கோட்ஃப்ரெட். சகோதரர்கள் பிரிந்து போனார்கள். அவர்களில் ஒருவர் கார்ல் கியோர்க், அன்று பட்டறையில் அவரோடு சேர்ந்து பசை அடுப்பை மூட்டிய அதே அண்ணன். 1934ல் தச்சர் வைத்த அந்த நான்கெழுத்துப் பெயரை இப்போது கோட்ஃப்ரெட் தனியாகச் சுமந்தார். அதை உலகம் லெகோ என்று தெரிந்துகொண்டது. ஆனாலும் அதில் இன்னும் கோட்டை இல்லை.

கோட்டையைக் கொண்டுவந்தது மூன்றாம் தலைமுறை. கோட்ஃப்ரெட்டின் மகன் கெல்ட் 1947ல் பிறந்தவர். கட்டைகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவர், லெகோ பெட்டிகளின் மேல் அச்சான சிறுவர் படங்களில் அவர் முகமும் உண்டு. 1978ல், அவர் நிர்வாகத்துக்குள் வந்திருந்த காலத்தில், இரண்டு விஷயங்கள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று, யென்ஸ் நிகோர்ட் நுட்சென் வடிவமைத்த, கை கால் அசையும் சின்ன மனிதன். மற்றொன்று, அந்த மனிதன் குடியேற 767 துண்டுகளில் ஒரு கோட்டை. 14 வீரர்கள், சுழற்றினால் மேலேறும் தூக்குப் பாலம், கட்டைகளாலேயே கட்டிய குதிரைகள்.

அந்த முதல் கோட்டையின் நிறம் பளிச்சென்ற மஞ்சள். சாம்பல் நிறக் கட்டை கொடுத்தால் பிள்ளைகள் பீரங்கி வண்டி செய்துவிடுவார்கள் என்று கோட்ஃப்ரெட் தயங்கியதுதான் காரணம் என்பார்கள். கல் நிறக் கோட்டை வர 1984 ஆனது. போர்க் காலத்தை வாழ்ந்து பார்த்தவருக்கு அப்படி ஒரு தயக்கம் இருந்திருந்தால் அது நியாயமே. மஞ்சள் கோட்டையை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

எட்டுக் குமிழ் கட்டைகள் ஆறே ஆறு, ஒரே நிறத்தில் இருந்தால் எத்தனை விதமாகச் சேர்க்கலாம்? 10 கோடிக்குச் சற்று மேல் என்று லெகோ நீண்ட காலம் சொல்லிவந்தது. கோபன்ஹேகன் கணிதப் பேராசிரியர் சோரன் ஐலர்ஸ் கணினியில் எண்ணிப் பார்த்து 915,103,765 என்றார். பழைய கணக்கு உயரமான கோபுரங்களை மட்டும் எண்ணியிருந்தது. ஆறு கட்டைகளுக்கே இவ்வளவு என்றால், ஒரு குடும்பம் ஒரே கோட்டையை இரண்டு முறை கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

2012 செப்டம்பர் 15 அன்று ஆசியாவின் முதல் லெகோலாந்து ஜோகூரில் திறந்தது. பினாங்கிலிருந்து தீபகற்பத்தின் மறுமுனைக்குப் பயணம் போய்ப் பிள்ளைகளோடு அதைப் பார்த்துவந்த குடும்பங்கள் பல. அங்கே வெயிலிலும் மழையிலும் நிற்கும் குறுநகரக் கட்டடங்களைப் பசை போட்டு ஒட்டித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். வீட்டுக் கோட்டைக்கு அது தேவையில்லை. 1958 முதல் வார்த்த கட்டைகள் எல்லாம் இன்றைய கட்டைகளோடு பொருந்தும். அதனால் அப்பாவோ மாமாவோ சிறு வயதில் வைத்து விளையாடிய லெகோ டப்பா அலமாரி மேல் தூசி படிந்து கிடந்தால், பழையது என்று வெளியே போட வேண்டியதில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்தால் போதும், புதுக் கோட்டையின் மதிலுக்கு அதுவும் ஆகும்.