உளி பிடித்த கை யாருடையது? துப்பாக்கிச் செதுக்குவேலையில் பெயர் சூட்டும் முறை குறித்து

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கத் துப்பாக்கிகளில் கொடிக்கருக்கு வேலைப்பாடு கொண்டவை ஏராளம். செதுக்கியவர் பெயர் பொறித்தவை சிலவே. கோல்ட் தொழிற்சாலையின் பேரேடு வரிசை எண்ணையும், அனுப்பிய நாளையும், வாங்கியவர் பெயரையும் தரும். உளி பிடித்தவரைப் பெரும்பாலும் சொல்லாது. அந்த வெற்றிடத்தை ஏல அட்டவணைகள் நிரப்பிவிடுகின்றன. பெயர் ஏறினால் விலையும் ஏறும் அல்லவா? அவை காட்டும் சான்று அநேகமாக அலங்கார உருவின் ஒற்றுமைதான். அது சான்றாகாது என்பதே என் வாதம்.

உரு ஊர்விட்டு ஊர் செல்வது. 1660 அளவில் பாரிஸில் ழாக்கினே வெளியிட்ட மாதிரி ஏடு, அரசவைத் துப்பாக்கிக் கம்மியர்கள் துய்ரேன், லெ ஒல்லாந்துவா ஆகியோரின் வேலைப்பாட்டை அச்சேற்றியது. 1685இல் சிமோனின் என்பவரின் ஏடும் வந்தது. இவற்றை ஐரோப்பாவின் பல பட்டறைகள் பார்த்துச் செதுக்கின. ஆகவே, ஒரே வேட்டை நாய் இரண்டு விசைத்தகடுகளில் ஓடினால், இருவரும் ஒரே ஏட்டைப் பார்த்தார்கள் என்பதற்கு மேல் எதுவும் நிறுவப்படவில்லை.

லூயி டேனியல் நிம்ஷ்கே (1832–1904) விட்டுச் சென்ற ஏடு வேறு வகையானது. ஜெர்மனியில் பிறந்து நியூயார்க்கில் தொழில் செய்த இவர், தம் வேலைகளின் மைப்படிகளைச் சேர்த்து வைத்தார், ஆர். எல். வில்சன் அவற்றை 1965இல் நூலாக்கினார். வெட்டுகளில் மை தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, தாளை வைத்து அழுத்தினால் மைப்படி கிடைக்கும். வரைந்த மாதிரி சொல்லாததை அது சொல்லும்: கோடு எங்கே தடித்தது, உளி எங்கே மேலெழுந்தது, இலை நுனியில் நிழற்கோடுகள் எத்தனை விழுந்தன என்பனவற்றை. படி இடவலம் மாறி விழும் என்பதால், நிழற்படத்தைத் திருப்பிய பிறகே ஒப்பிட வேண்டும். அற்பச் செய்தி போலத் தோன்றும். ஆனால் சுருளின் சாய்வை வைத்து வாதாடுபவருக்கு அதுவே எல்லாம்.

மைப்படி கிடைக்காத துப்பாக்கியில் முதலில் எழுத்துகளையே பார்க்க வேண்டும் என்பேன். கொடியைப் பிறர் மாதிரியிலிருந்து எடுக்கலாம். எழுத்தின் வளைவில் பழகிய கை தன்னை மறைப்பது கடினம். அடுத்தது பின்புலப் புள்ளிகள். பிறகு வெட்டின் உட்சுவர்: சுத்தியலால் உளியைத் தட்டிச் செதுக்கினால் சிறு படிகள் தெரியும்; கையால் தள்ளிச் செதுக்கினால் வழவழப்பாக இருக்கும். எஃகின் நீலப்பூச்சை வெட்டு கிழித்துச் சென்றிருந்தால், அது தொழிற்சாலையை விட்டு வெளியேறிய பின் செய்த வேலை என ஐயுற வேண்டும்.

இத்தனையும் பொருந்தினாலும் ஒரு தடை நிற்கிறது. கோல்ட்டுக்கு ஒப்பந்தத்தில் செதுக்கி, 1869இல் ஸ்மித் அண்டு வெஸ்ஸனுக்காக ஸ்பிரிங்ஃபீல்டு சென்ற குஸ்தாவ் யங்கிடம் உதவியாளர்கள் இருந்தனர். மகன்களும் இதே தொழிலுக்கு வந்தனர். தந்தை கொடி வரைய, மகன் பின்புலம் குத்தியிருக்கலாம். அங்கே 'ஒரே கை' என்ற எண்ணமே ஆட்டம் காண்கிறது.

எனவே, கையொப்பமோ மைப்படியோ இல்லாத துப்பாக்கிக்கு அருங்காட்சியகப் பட்டியல் 'யங் பட்டறை', 'நிம்ஷ்கே பட்டறை' என்ற அளவோடு நிற்க வேண்டும். வெட்டுகளின் பெரிதாக்கிய நிழற்படம் வெளியிடாத எந்தப் பெயர்சூட்டலையும் ஆய்விதழ்கள் ஏற்கக் கூடாது.