வரியில்லா வட்டியில் எழுந்த வாடகை வீடுகள்

“வீட்டைக் கட்டிப் பார்” என்று பெரியவர்கள் சொன்னது ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துத்தான். ஒரு நகரம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு கட்ட வேண்டுமென்றால் என்ன செய்யும்? அவ்வளவு பணத்தை யார் கொடுப்பார்கள்? எந்த வட்டிக்குக் கொடுப்பார்கள்?

1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலமும் வீடமைப்பு நிதி வாரியம் ஒன்றை அமைத்தது. சிங்கப்பூரில் அரசாங்கக் கடனைக் கொண்டு கழகமே வீடுகளைக் கட்டியது. நியூயார்க் வேறு வழியில் சென்றது. வசதி படைத்தவர்களிடம் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி, அதைக் கட்டுமான நிறுவனங்களுக்குக் கொடுத்து, நடுத்தரக் குடும்பங்களுக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் வாடகை வீடுகளைக் கட்டச் செய்தது. வசதி படைத்தவர்கள் ஏன் குறைந்த வட்டிக்கு ஒப்புக்கொண்டார்கள்? அதற்கான விடை வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது.

குறைந்த வட்டியின் கணக்கு

1913ல் அமெரிக்காவில் இன்றைய வருமான வரி நடப்புக்கு வந்தது. மாநிலங்களும் நகரங்களும் வெளியிடும் கடன் பத்திரங்களின் வட்டிக்கு அந்தச் சட்டம் வரிவிலக்கு அளித்தது. அத்தகைய வட்டிக்கு மத்திய அரசு வரி விதிக்க முடியாது என்று 1895லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சாதாரணப் பத்திரம் 5 விழுக்காடு வட்டி தருகிறது. பத்திரம் வாங்குபவர் 40 விழுக்காடு வரி கட்டுபவர் என்றால், அவர் கையில் நிற்பது 3 விழுக்காடுதான். நகரத்தின் வரியில்லாப் பத்திரம் மூன்றரை விழுக்காடு தந்தாலே அவருக்கு அது லாபம். நகரத்துக்கும் ஒன்றரை விழுக்காடு மிச்சம். 500 வீடுகளுக்காக 100 மில்லியன் டாலர் கடன் வாங்கினால், ஆண்டுக்கு 1.5 மில்லியன் டாலர் வட்டி குறைகிறது. வீட்டுக்கு மாதம் 250 டாலர் வாடகையைக் குறைக்க இது போதும்.

ஆனால் இது இனாமாக வந்த பணம் அல்ல. அரசாங்கம் இங்கே இழக்கும் வரி ஆண்டுக்கு 2 மில்லியன் டாலர். வாடகைதாரருக்குப் போய்ச் சேர்வதோ 1.5 மில்லியன். எஞ்சிய அரை மில்லியன் பத்திரம் வாங்கியவருக்குப் போகிறது. பொதுமக்கள் பணம் செலவாகும்போது, அதற்கு ஈடாக வாடகைதாரருக்கு எத்தனை ஆண்டு பாதுகாப்பு கிடைக்கிறது என்று கேட்பதில் தவறில்லை.

தார்மீகக் கடமை

நியூயார்க் மாநிலத்தின் அரசியல் சாசனப்படி, மாநில அரசு தன் பெயரில் கடன் வாங்க வாக்காளர்களின் ஒப்புதல் தேவை. ஆளுநர் நெல்சன் ராக்ஃபெல்லர் அதைத் தவிர்க்க விரும்பினார். பத்திரத் துறையில் பேர்பெற்ற வழக்கறிஞர் ஜான் மிட்செல் ஒரு வழி கண்டுபிடித்தார். இவர்தான் பின்னாளில் அதிபர் நிக்சனின் சட்டத்துறைத் தலைவராகி, வாட்டர்கேட் விவகாரத்தில் சிறை சென்றவர்.

அவர் சொன்ன யோசனை இதுதான்: கடனை வாரியம் வாங்கட்டும். வாரியத்தின் சேமநிதி குறைந்தால் மாநில அரசு அதை ஈடுகட்டும். ஆனால் ஈடுகட்டியே ஆக வேண்டும் என்ற சட்டக் கட்டாயம் இல்லை. அது தார்மீகக் கடமை மட்டுமே. சட்டக் கட்டாயம் இல்லாததால் வாக்காளர்களிடம் போக வேண்டியதும் இல்லை. ஒரு நம்பிக்கையை அடகு வைத்துப் பல மில்லியன் டாலர் திரட்டப்பட்டது.

1968 ஏப்ரல் 4ஆம் தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதிச் சடங்கு நடந்த ஏப்ரல் 9ஆம் தேதியே, நியூயார்க் மாநிலச் சட்டமன்றம் நகர மேம்பாட்டுக் கழகத்தை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. எட்வர்ட் லோக் தலைமையில் அந்தக் கழகம் சில ஆண்டுகளில் 30,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டத் தொடங்கியது. நியூயார்க் நகரின் ரூஸ்வெல்ட் தீவுக் குடியிருப்பு அவற்றில் ஒன்று.

1973 ஜனவரியில் நிக்சன் அரசாங்கம் வீடமைப்பு மானியங்களை நிறுத்தி வைத்தது. அந்த மானியத்தை நம்பியே கழகம் வாடகையைக் கணக்கிட்டிருந்தது. வங்கிகள் தயங்கத் தொடங்கின. 1975 பிப்ரவரி 25ஆம் தேதி 104.5 மில்லியன் டாலர் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் கழகம் கைவிரித்தது. பிறகு மாநில அரசு தலையிட்டுக் கடனைத் தீர்த்தது. கடன் கொடுத்தவர்கள் தங்கள் பணத்தை இழக்கவில்லை. ஆனால் புதிய வீடுகள் கட்டும் வேகம் நின்றுபோனது. அதே ஆண்டில் நியூயார்க் நகரமும் கடன் நெருக்கடியில் சிக்கியது.

கெடு முடிந்தால்?

1986ல் அமெரிக்க நாடாளுமன்றம் விதிகளை இறுக்கியது. தனியார் கட்டும் வாடகை வீடுகளுக்கு ஒரு மாநிலம் எவ்வளவு வரியில்லாப் பத்திரம் ஒதுக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வந்தது. வட்டார நடுநிலை வருமானத்தில் பாதிக்கு மேல் இல்லாதவர்களுக்குக் குறைந்தது 20 விழுக்காடு வீடுகள், அல்லது 60 விழுக்காட்டுக்கு மேல் இல்லாதவர்களுக்கு 40 விழுக்காடு வீடுகள் ஒதுக்கப்பட வேண்டும். இந்த நிபந்தனை குறைந்தது 15 ஆண்டுகளுக்குப் பொருந்தும். குறைந்த வருமானத்தினருக்கான வீடுகளில் முதலீடு செய்பவர்களுக்குத் தனியாக ஒரு வரிக்கழிவும் அறிமுகமானது.

15 ஆண்டு ஆன பிறகு? இந்தக் கேள்வியின் கனத்தைப் புரிந்துகொள்ள, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியிலுள்ள ஸ்டாரட் சிட்டியைப் பார்த்தால் போதும். 46 கட்டடங்கள், 5,881 வீடுகள். 1970களில் வீடமைப்பு நிதி வாரியத்தின் கடனில் எழுந்த குடியிருப்பு அது. 1955ல் வந்த மிட்செல்-லாமா சட்டம் தனியார் உரிமையாளரின் லாபத்துக்கு வரம்பு கட்டியிருந்தது. ஆனால் 20 ஆண்டுக்குப் பின், கடனை அடைத்துவிட்டுத் திட்டத்திலிருந்து விலகவும் அதே சட்டம் வழிவிட்டது.

2007ல் ஸ்டாரட் சிட்டியை 1.3 பில்லியன் டாலருக்கு வாங்க ஒரு நிறுவனம் முன்வந்தது. அவ்வளவு விலை கொடுப்பவர் பழைய வாடகையில் முதலை எப்படி எடுப்பார்? குடியிருப்பாளர்கள் கலங்கினார்கள். அமெரிக்க வீடமைப்பு அமைச்சு அந்த விற்பனையை நிராகரித்தது. அன்று அவர்களைக் காப்பாற்றியது அமைச்சின் முடிவுதான். வீடு கட்டக் கடன் கொடுத்த பத்திரம் அல்ல.

1988ல் உச்ச நீதிமன்றம், பத்திர வட்டிக்கு மத்திய அரசு வரி விதிப்பதை அரசியல் சாசனம் தடுக்கவில்லை என்று கூறித் தன் பழைய தீர்ப்பை மாற்றிக்கொண்டது. ஆகவே, வரிவிலக்கு இன்று நாடாளுமன்றத்தின் விருப்பத்தில் மட்டுமே நிற்கிறது. இதுவரை அந்த விருப்பம் மாறவில்லை. முழு வரிக்கழிவு பெற ஒரு திட்டத்தின் செலவில் பாதியாவது இத்தகைய பத்திரங்களிலிருந்து வர வேண்டும் என்று இருந்த விதியை 2025ல் வந்த சட்டம் தளர்த்தியது. 2026 முதல் கால்பங்கு போதும். அதே உச்சவரம்புக்குள் கூடுதல் வீடுகளைக் கட்ட இது உதவும்.

எத்தனை வீடுகள் கட்டப்பட்டன என்ற கணக்கை எல்லா அரசாங்கமும் காட்டும். அதில் குடியேறிய குடும்பம் எத்தனை ஆண்டு அதே வாடகையில் நிம்மதியாக இருக்கலாம் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 1975ல் சட்டக் கட்டாயமே இல்லாதிருந்தும், கடன் கொடுத்தவர்களுக்கு அரசாங்கம் வாக்கைக் காப்பாற்றியது. வரியை இழந்து அந்த வீடுகளைக் கட்ட உதவிய பொதுமக்களுக்கும், அங்கே வாழும் வாடகைதாரர்களுக்கும் அதே அளவு உறுதியான வாக்கு கொடுக்கப்படவில்லை என்பதே நியூயார்க்கின் வரலாறு விட்டுச்செல்லும் பாடம்.